வான்கோழி வேட்டையும் ஒரகடம் பிரஸ் ஷாப்பும்: ஒரு காதுக் கருவியின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு இது. டீ குடிச்சுக்கிட்டே நிதானமா படிங்க.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தம்பிகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், ஹெட்போன் மாதிரி ஒண்ணு மாட்டிக்கிட்டா மெஷின் சத்தம் உள்ளே வராதாம். ஆனா பக்கத்துல ஆள் பேசுறது நல்லா கேக்குமாம். நிஜமாவே அப்படி ஒண்ணு இருக்கா?"

இருக்கு. அந்தக் கருவியை அதிகம் கொண்டாடியவர்கள் யார் தெரியுமா? அமெரிக்காவில் காட்டு வான்கோழி சுடப் போகும் வேட்டைக்காரர்கள்.

வான்கோழி வேட்டை கண்ணை விட காதை நம்பி நடப்பது. வசந்த காலத்தில், விடியறதுக்கு முன்னாடியே மரத்தில் அடைந்திருக்கும் சேவல் கத்த ஆரம்பிக்கும். எந்தத் திசை, எவ்வளவு தூரம்னு காதாலேயே கணக்குப் போட்டு, இலை தழை நிற உடுப்பில் மரத்தடியில் ஆடாம அசையாம உட்காரணும். பிறகு மரப்பெட்டி மாதிரி ஒரு சின்னக் கருவியைத் தேய்த்து பெட்டைக்கோழி குரல் கொடுக்கணும். சேவல் ஏமாந்து பக்கத்தில் வரும். காது மந்தமானவருக்கு இந்த வேட்டையில் வேலையே இல்லை.

நம்ம ஊருக்கு இது புதுசா என்ன? கூண்டில் வளர்த்த கவுதாரியைக் கத்தவிட்டு, அந்தக் குரலுக்குச் சண்டைக்கு வரும் காட்டுக் கவுதாரியைக் கண்ணியில் பிடிப்பது நரிக்குறவர்களின் பழைய வித்தை. பறவைக் குரலை வாயாலேயே எழுப்புவதிலும் அவர்கள் கெட்டிக்காரர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு குற்றமாகிவிட்டது. அது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதறேன்.

துப்பாக்கிச் சத்தத்தின் மேல் கோபப்பட்டு மனு கொடுத்த ஊரும் நம்ம செங்கல்பட்டுச் சீமையில்தான் இருக்கு. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ள, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798ல் பறவைகளைக் காக்கும் உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். பறவையும் பிழைத்தது, வயலும் பிழைத்தது. சுட்டவன் காது என்ன ஆச்சுன்னு அப்போ யாரும் கேட்கலை.

கேட்டவர் ஜோசப் டாயின்பீ என்ற லண்டன் காது மருத்துவர். 1860ல் வெளியான அவருடைய காது நோய்கள் பற்றிய நூலில், வலது தோளில் வைத்துச் சுடுபவர்களுக்கு இடது காது மந்தமாவதைக் குறித்து வைத்தார். காரணம் எளிது. கட்டையை வலது தோளில் பதித்துத் தலையைச் சாய்த்தால் இடது காது குழல் வாய்ப் பக்கம் திரும்பும். வலது காது தலையின் மறைவில் தப்பிக்கும். இன்றைக்கும் நீண்ட துப்பாக்கி பிடித்தவர்களின் காதுப் பரிசோதனையில் இந்த இடது, வலது வித்தியாசத்தைப் பார்க்கலாம்.

(இந்த மனுஷனின் முடிவு சோகம். காது இரைச்சலுக்கு மருந்து தேடி, குளோரோஃபாமும் ஹைட்ரோசயனிக் அமிலமும் தானே முகர்ந்து பார்த்து 1866ல் செத்துப் போனார். இவருடைய மகன் அர்னால்டு டாயின்பீதான் 'தொழிற்புரட்சி' என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பிய வரலாற்றாசிரியர். அப்பா துப்பாக்கிக் காதை எழுதினார், மகன் தொழிற்சாலைக் காலத்தை எழுதினார்!)

தொழிற்சாலைக் காதை எழுதியவர் கிளாஸ்கோவின் தாமஸ் பார். 1886ல் அவர் கொதிகலன் செய்யும் தொழிலாளிகள் 100 பேரை, இரும்பு வார்ப்பவர்கள், தபால்காரர்களோடு ஒப்பிட்டார். ஆடியோமீட்டர் இல்லாத காலம். கடிகாரம் 'டிக் டிக்' என்பது எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்பதே பரிசோதனை. இரும்புக் கொப்பரைக்குள்ளே உட்கார்ந்து ஆணி அடிபடுவதைத் தாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பொதுக்கூட்டத்தில் பேசுவதைக் கேட்பதே சிரமம். தபால்காரர்களில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஆக, சத்தம் காதைத் தின்னும் என்பது 1886லேயே எண்ணிக்கையோடு தெரிந்த விஷயம்.

எப்படித் தின்னுது? உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர் செல்கள். சத்தம் வந்தால் இவை அசைந்து நரம்புக்குச் சேதி சொல்லும். பெருஞ்சத்தத்தில் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் வட்டாரத்துச் செல்கள். அதனால் கனமான குரல் கேட்கும், உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து மட்டும் மழுங்கிப் போகும். பத்தா, பட்டா, பற்றான்னு குழப்பம் வரும். "சத்தம் கேக்குது டாக்டர், என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்று ஒருத்தர் சொன்னால் எங்களுக்கு அங்கேயே பாதி நோய் தெரிஞ்சுடும்.

செத்த மயிர் செல் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. ஆனால் 1988ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கோழிக்குஞ்சிலும் காடையிலும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: சத்தத்தால் அழிந்த மயிர் செல்கள் பறவைகளுக்குத் திரும்ப வளருது! குண்டு குறி தப்பினால், சில வாரத்தில் பறவை காது தேறிக்கும். சுட்ட மனுஷன் காது தேறாது. இதை விடப் பெரிய பழிவாங்கல் இருக்க முடியுமா?

இப்போ கருவிக்கு வருவோம். கார்பன் மைக் வைத்த காது மெஷின் 1900 வாக்கில் வந்தது. மேஜை மேல் வைக்கணும், பேட்டரி மட்டும் ஒரு சுமை. 1947ல் பெல் ஆய்வகம் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தது. காது மெஷின் செய்பவர்களிடம் அதற்கு ராயல்டி வாங்குவதில்லை என்று முடிவெடுத்தது. காது கேளாதோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த கிரகாம் பெல்லின் நினைவுக்காக. 1952 இறுதியில் டிரான்சிஸ்டர் வைத்த முதல் காது மெஷின் கடைக்கு வந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் முன்னாடி!

கருவி சின்னதானதும் வேட்டைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆண்டுக்கணக்காகச் சுட்டுச் சுட்டுக் காது மந்தமாகி, இப்போ வான்கோழி கத்துவது கேட்கலை. கேட்கணும்னா பெருக்கி வேணும். பெருக்கியை மாட்டிக்கொண்டு சுட்டால் இருக்கிற காதும் போயிடும். 12 போர் துப்பாக்கியின் வெடி 150 டெசிபலைத் தாண்டும். இந்த இக்கட்டுக்குப் பிறந்ததுதான் தம்பிகள் கேட்ட அந்தக் கருவி. வெளியே மைக், உள்ளே ஸ்பீக்கர், சுற்றிலும் காதை மூடும் மெத்தை. மெல்லிய சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். வெளிச்சத்தம் எல்லை தாண்டினால், பெரும்பாலும் 82 முதல் 85 டெசிபலுக்கு மேல், ஸ்பீக்கர் உள்ளே விடாது. அமெரிக்காவில் வாக்கர்ஸ் 'கேம் இயர்', ஸ்வீடனின் பெல்டார் என்று பல பெயர்களில் இந்த வகைக் கருவிகள் வந்தன. ராணுவம், வேட்டை, ஃபேக்டரி என்று எல்லாப் பக்கமும் போயின.

இனி நம்ம பக்கம். இருங்காட்டுக்கோட்டை, பெயரிலேயே காடு இருக்கிற ஊர். அங்கே 1998ல் ஹூண்டாய் கார் வர ஆரம்பித்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் நோக்கியா வந்தது, 2014ல் மூடியது. ஒரகடத்தில் 2010ல் ரெனால்ட் நிசான், 2012ல் டைம்லர் லாரி, 2013ல் ராயல் என்ஃபீல்டு. ஒவ்வொன்றையும் சுற்றி பிரஸ், ஃபோர்ஜிங், கிரைண்டிங் வேலை செய்யும் சின்ன கம்பெனிகள் ஏராளம். ஏரியும் கவுதாரியும் இருந்த இடத்தில் கால் நூற்றாண்டுக்குள் முளைத்த இரும்புக்காடு.

சட்டம் இல்லாமல் இல்லை. நம்ம விதிப்படி 90 டெசிபலில் 8 மணி நேரம், 95ல் 4 மணி, 100ல் 2 மணி. அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் 85க்கே எச்சரிக்கை மணி அடிக்கிறது. சத்தத்தால் வரும் காது கேளாமை 1987 திருத்தத்துக்குப் பிறகு தொழிற்சாலைச் சட்டத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக ஆனது. இ.எஸ்.ஐ. பட்டியலிலும் உண்டு. ஆனால் தொழில்நல மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிற ஒரு வரி என்னை உலுக்கியது: 1948லிருந்தே இழப்பீடு பெறத்தக்க இந்த நோய்க்கு, இந்தியாவில் முதல் இழப்பீடு கிடைத்தது 1996ல். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு!

ஏன்? கை போனால் அன்றைக்கே எல்லாருக்கும் தெரியும். காது பத்து வருஷத்தில் போகும், வலிக்காம போகும். அதற்குள் தம்பி மூணு கான்ட்ராக்டர் மாறியிருப்பார். எந்த கம்பெனியில் போச்சுன்னு காட்ட, சேரும்போது எடுத்த காதுப் பரிசோதனை இருக்காது.

சரி, வேட்டைக்காரர் கருவி இவர்களுக்கு உதவுமா? அளவோடு உதவும். துப்பாக்கிச் சத்தம் ஒரு நொடிக்கும் குறைவு. மற்ற நேரம் காடு அமைதி. அதற்குத்தான் இந்தக் கருவி கச்சிதம். இடைவிட்டு அடிக்கும் பிரஸ், ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் காதில் விழ வேண்டிய இடம், இங்கெல்லாம் நல்லது. நாள் முழுக்க 95 டெசிபலில் ஓடும் லைனில் அந்த மைக் இரைச்சலைத்தான் திரும்பக் கொடுத்துக்கிட்டே இருக்கும். அங்கே சரியாகச் சுருட்டிச் செருகிய பஞ்சு அடைப்பானே மேல். திசை கண்டுபிடிப்பதும் எந்த மூடியிலும் குறையும். அது ஃபோர்க்லிஃப்ட் திரும்பும் இடத்தில் உயிர்ப் பிரச்சினை.

மே மாத வெயிலில் வியர்த்து ஊத்தும்போது கழட்டி கழுத்தில் போட்டுக்கறாங்க. கணக்கைக் கேளுங்க: 30 டெசிபல் தடுக்கும் கருவியை 8 மணி ஷிஃப்டில் அரை மணி நேரம் கழட்டினால், மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு சுமார் 12 டெசிபல்தான்.

இன்னொன்று, இதுதான் எனக்கு பயம். ஏற்கனவே காது மந்தமானவர்கள் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குச் 'சத்தம் பெருக்கி' வாங்கி மாட்டிக்கிட்டு லைனுக்குப் போறாங்க. மேல் எல்லை வைக்காத பெருக்கி மெஷின் சத்தத்தையும் சேர்த்துப் பெருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த நல்ல காது மெஷினும்கூட, ஆஃப் செய்து வைத்தாலும், சத்தத்தடுப்பான் ஆகாது. லைனில் அதைக் கழட்டிட்டு தடுப்பானை மாட்டுங்க, இல்லன்னா இரண்டையும் சேர்த்து எப்படிப் போடலாம்னு ஆடியாலஜிஸ்ட்டிடம் கேளுங்க.

புது வேலையில் சேரும் தம்பி, தங்கைகள் முதல் வாரமே ஆடியோகிராம் எடுத்துடுங்க. அதற்கு முன் 14 மணி நேரமாவது பெருஞ்சத்தம் இல்லாம இருக்கணும். ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வந்தால் தற்காலிக மந்தமும் அதில் சேர்ந்துடும். திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும் முன் நல்ல நேரம். ரிப்போர்ட் நகலை கம்பெனி ஃபைலோடு விட்டுடாம, தேதியோட ஃபோட்டோ எடுத்து உங்க ஃபோனிலும் வச்சுக்கோங்க. வருஷம் ஒருமுறை திரும்ப எடுத்து, 4000 ஹெர்ட்ஸ் கட்டத்தில் கோடு கீழே இறங்குதான்னு பக்கத்தில் வச்சுப் பாருங்க.