பள்ளி உடுப்புக்காக நடந்த விருந்து: ஹிப்-ஹாப் வகுப்பறைக்குள் நுழைந்த வரலாறு

ஹிப்-ஹாப் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தங்கச் சங்கிலி, சொகுசுக் கார், கெட்ட வார்த்தை. சந்தை நமக்கு விற்ற படம் அது. அந்தக் கலை பிறந்த இரவின் கதை வேறு. 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு விருந்து நடத்தினார். பள்ளி திறக்கப் போகிறது, புது உடுப்பு வாங்கக் காசு வேண்டும். அதற்காகத்தான் விருந்து. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவருடைய அண்ணன் கிளைவ். ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை, அப்போது வயது 18. உலகம் அவரை டிஜே கூல் ஹெர்க் என்று அறிகிறது.

ஹிப்-ஹாப்பின் முதல் இரவே பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளின் தேவையிலிருந்து வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிப்போம்.

அன்றைய பிராங்ஸ் எப்படி இருந்தது? ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி போட்ட கிராஸ் பிராங்ஸ் விரைவுச்சாலை குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போயிருந்தது. வசதியானவர்கள் வெளியேறினார்கள். கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் இடிந்த கட்டடங்களுக்கு நடுவே விடப்பட்டார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகக் கட்டட முதலாளிகளே தீ வைத்த கொடுமையும் நடந்தது. 1975இல் நியூயார்க் நகர நிர்வாகம் திவாலாகும் நிலைக்குப் போனது. வெட்டு முதலில் விழுந்த இடங்களில் ஒன்று பள்ளிக்கூடம். ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள்.

கல்லூரிக் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூத்த கல்லூரி 1847இல் தொடங்கிய காலத்திலிருந்தே இலவசக் கல்வி கொடுத்து வந்தது. 1970இல், மாணவர் போராட்டத்துக்குப் பிறகு, நகரத்தில் பள்ளி முடித்த எல்லோருக்கும் இடம் என்று கதவு திறக்கப்பட்டது. கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் பெருமளவில் உள்ளே வந்தார்கள். ஆறே ஆண்டுகளில், 1976இல், கட்டணம் வந்துவிட்டது. நூறாண்டுக்கும் மேலாகக் கட்டுப்படியான இலவசக் கல்வி, இந்தப் பிள்ளைகள் வந்த பிறகு கட்டுப்படியாகாமல் போயிற்று. கல்வி உதவித்தொகைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நமக்கு இந்தக் கதை புதிதல்ல.

பள்ளி கைவிட்ட இடத்தில் தெருவே கற்றுக்கொடுத்தது. ஹெர்க் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழலிகளில் வைத்து, பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளை மாறி மாறி ஓட்டி நீட்டினார். கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் பிராங்ஸில் ஒரு தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். எந்த இடத்தில் ஊசியை வைக்க வேண்டும் என்பதை இசைத்தட்டின் மேல் கிரேயானால் குறித்து, சுற்றுகளை எண்ணி, கடிகார முள்ளைப் போலக் கணக்கிட்டுக் கையாண்டார். பழைய உதிரிபாகங்களைச் சோதித்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். ஆய்வுக்கூடம் இல்லாத இடத்தில் நடந்த ஆய்வு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

டிஜே, ராப், பிரேக் நடனம், சுவரோவியம் என்ற நான்கு கூறுகளோடு ஐந்தாவதாக 'அறிவு' என்பதையும் சேர்த்தது ஆஃப்ரிகா பம்பாட்டா தொடங்கிய ஜூலு நேஷன் அமைப்பு. தன் வரலாற்றை அறிவது, தன்னை அறிவது என்பது அதன் பொருள். அதே பம்பாட்டா மீது, சிறுவர்களாக இருந்தபோது தங்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார் என்று 2016இல் பல ஆண்கள் குற்றம்சாட்டினார்கள். அவர் அதை மறுத்தார். இதை மறைத்துவிட்டு வரலாறு எழுத வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஒரு கருத்தை மதிக்க, அதைச் சொன்னவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை.

அந்த ஐந்தாவது கூற்றைப் பாட்டிலேயே பாடமாக நடத்தியவர் கேஆர்எஸ்-ஒன். பதின்வயதில் வீடில்லாமல் அலைந்தவர், நூலகங்களில் உட்கார்ந்து தானாகப் படித்தவர். பிராங்ஸில் வீடற்றோர் விடுதியில் தங்கியிருந்தபோது அங்கே சமூகப் பணியாளராக இருந்த ஸ்காட் லா ராக்கைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து பூகி டவுன் புரொடக்‌ஷன்ஸ் என்ற குழுவை உருவாக்கினார்கள். 1987இல் ஸ்காட் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு கேஆர்எஸ்-ஒன் பாட்டை வகுப்பறையாக்கினார். 1989இல் வந்த 'யூ மஸ்ட் லேர்ன்' பாடலில் பெஞ்சமின் பானக்கர், லூயிஸ் லாட்டிமர், சார்லஸ் ட்ரூ என்று பாடப்புத்தகம் சொல்லாத கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்களையும் அறிஞர்களையும் வரிசையாகச் சொன்னார்.

1990களில் கல்வியாளர்கள் இதைக் கவனிக்கத் தொடங்கினார்கள். 1991இல், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஹிப்-ஹாப் பாடமாக நடத்தப்பட்டது. 1995இல் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் என்ற கறுப்பினக் கல்வியாளர், மாணவரின் பண்பாட்டைக் கற்பித்தலின் மையத்தில் வைக்கும் கோட்பாட்டை முன்வைத்தார். அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று, ராப் வரிகளை வைத்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கவிதை சொல்லிக்கொடுத்த ஆசிரியை. இந்தக் கோட்பாடு மூன்று விஷயங்களைக் கேட்கிறது: பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும், தன் பண்பாட்டை இழக்கக் கூடாது, சமூகத்தின் அநீதியைக் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டாலும் அது பாதிக் கல்விதான்.

கலிஃபோர்னியாவில் எர்னஸ்ட் மோரெல், ஜெஃப் டங்கன்-ஆன்ட்ராடே என்ற இரு ஆசிரியர்கள் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் ஒரு முயற்சி செய்தார்கள். பாடத்திட்டத்தில் இருந்த ஒவ்வொரு கவிதையோடும் ஒரு ராப் பாடலை இணை வைத்தார்கள். டி.எஸ்.எலியட்டின் புரூஃப்ராக் கவிதைக்குப் பக்கத்தில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவின் 'தி மெசேஜ்'. இரண்டையும் ஒரே கருவிகளால் அலசச் சொன்னார்கள்: படிமம் என்ன, பேசுபவர் யார், எந்தக் காலத்தின் நெருக்கடி இது? எலியட்டைத் தூக்கி எறியவில்லை. ராப்பை எலியட்டுக்குப் போகும் படிக்கட்டாக மட்டும் பயன்படுத்தவும் இல்லை. இரண்டும் ஒரே மேசையில் சமமாக உட்கார்ந்தன.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ்டோபர் எம்டின், வூ-டாங் கிளான் குழுவின் ஜிசாவோடு சேர்ந்து 2012இல் 'சயின்ஸ் ஜீனியஸ்' திட்டத்தை அறிவித்தார். நியூயார்க்கின் பத்து அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் அறிவியலை ராப்பாக எழுதிப் போட்டியிட்டார்கள். எதுகைக்காக அறிவியலை மாற்ற முடியாது; சரியாகப் புரிந்துகொண்டால்தான் சரியாக எழுத முடியும். எம்டின் வலியுறுத்துவது 'சைஃபர்' என்ற வட்டத்தை. தெருவில் ராப் பாடுபவர்கள் வட்டமாக நிற்பார்கள். எல்லோருக்கும் முறை வரும், தடுமாறுபவரை மற்றவர்கள் தாளம் கொடுத்துத் தாங்குவார்கள். வட்டத்தில் கடைசி பெஞ்ச் கிடையாது. வீட்டிலிருந்து எடுத்துப்போன கோணியில் தனியாக உட்கார வைக்கப்பட்ட அம்பேத்கரின் பேரப்பிள்ளைகளுக்கு, உட்காரும் வடிவம் எவ்வளவு பெரிய அரசியல் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. அதே கொலம்பியாவில்தான் 1913 முதல் 1916 வரை அண்ணல் படித்தார், ஜான் டூயியின் வகுப்பில் அமர்ந்தார்.

இதெல்லாம் வெறும் பாட்டு என்றால் அரசு ஏன் பயப்பட வேண்டும்? அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிகோ-அமெரிக்கர் வரலாறும் இலக்கியமும் தனிப் பாடத்திட்டமாக நடந்து வந்தது. அதில் படித்தவர்கள் தேர்வில் தேறுவதும் பள்ளியை முடிப்பதும் அதிகரித்ததாக ஆய்வுகள் சொல்லின. ஆனாலும் 2010இல் அதைக் குறிவைத்து மாநில அரசு சட்டம் போட்டது. 2012இல் பாடத்திட்டம் மூடப்பட்டது. வகுப்பிலிருந்து அகற்றப்பட்ட நூல்களில் பாவ்லோ ஃபிரெய்ரேயின் 'ஒடுக்கப்பட்டோருக்கான கல்விமுறை'யும் ஒன்று. 2015 ஜனவரியில் மாநிலக் கல்வித் தலைமை அதிகாரி பதவி விலகும் நேரத்தில் மீண்டும் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். சட்டமீறலுக்குச் சான்றாக அவர் காட்டியவற்றில், ஹிப்-ஹாப்பை அறிமுகப்படுத்தி கேஆர்எஸ்-ஒன் எழுதிய கட்டுரையும் இருந்தது. மாணவர்கள் நீதிமன்றத்தில் விடாமல் போராடினார்கள். 2017 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி வாலஸ் டஷிமா, அந்தச் சட்டம் இனப்பகையால் இயற்றப்பட்டு, அப்படியே நடைமுறைப்படுத்தப்பட்டது என்று தீர்ப்பளித்தார். மாணவர்கள் வென்றார்கள். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளியை முடித்துப் போன பிள்ளைகளுக்கு அந்த வகுப்பைத் திருப்பித் தர எந்தத் தீர்ப்பாலும் முடியாது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது? 2017இல் இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் தொடங்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியது. அதன் பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து வந்தது. இடஒதுக்கீட்டை விளக்க அவர்களுக்கு ஒரு 'கோட்டா' பாட்டு போதுமானதாக இருந்தது. பிராங்ஸின் பிள்ளைகள் இசைத்தட்டில் கண்டதை, நம் சேரிகள் சாவுமேளத்திலும் கானாவிலும் எப்போதோ கண்டிருந்தன. அதை இழிவென்று சொல்லி வகுப்பறை வாசலில் நிறுத்தியவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும்.

ஆகவே இரவுப் பாடசாலை, வாசிப்பு வட்டம், பயிலகம் நடத்தும் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். வாய்ப்பாட்டுக்கு மெட்டுப் போடுவதோடு நின்றுவிட வேண்டாம். அது மனப்பாடத்துக்கு உதவும், விடுதலைக்கு உதவாது. பாடப்புத்தகக் கவிதைக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் தெருப் பாட்டை வையுங்கள், இரண்டையும் ஒரே கேள்விகளால் அலசச் சொல்லுங்கள். பெண்களை இழிவுபடுத்தும் வரி ராப்பிலும் உண்டு, கானாவிலும் உண்டு. அதைத் தாண்டிப் போகாமல், ஏன் அப்படி எழுதப்பட்டது, யார் அதில் லாபம் பார்த்தது என்று பெண் பிள்ளைகளையே முதலில் பேசச் சொல்லுங்கள். முக்கியமாக, வட்டமாக உட்காருங்கள், ஆசிரியரும் அந்த வட்டத்துக்குள்ளேயே உட்காரட்டும்.

கற்பி, கிளர்ச்சி செய், ஒன்று சேர் என்று அண்ணல் சொன்ன வரிசையில் முதலில் நிற்பது கற்பி. நம் பிள்ளைகளின் தாளத்தை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்லும் எந்த வகுப்பறையும் அந்த முதல் வேலையைச் செய்யவில்லை.

ஜெய் பீம்.