பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களும் தடையற்ற அணுகல் சட்டங்களும்

பெரம்பலூர் மாவட்டம் 1995 இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊனமுற்றோர் சட்டம், சாய்தளம் போன்ற வசதிகளை அரசின் பொருளாதார வரம்புக்குள் செய்தால் போதும் என்றது. அரியலூர் 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய மாதம்தான் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்புறுதி செய்தது. அதன் வழிவந்த 2016 ஆம் ஆண்டுச் சட்டம், அரசு, தனியார் என இருவகைச் சேவை வழங்குநருக்கும் இரண்டாண்டுக் காலக்கெடு விதித்தது. நுகர்பொருள்களுக்குக் கெடு இல்லை. எல்லோருக்கும் ஏற்ற வடிவமைப்பை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்பதோடு நின்றது. விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்திற்கு முரண் என 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கட்டாயத் தரநிலைகளை மூன்று மாதங்களில் வகுக்க உத்தரவிட்டது. தொடர்வண்டி நிலையம் இல்லாத பெரம்பலூர் நகரில் வெளியூர்ப் பயணத்திற்குப் பேருந்தே வழி என்பதால், அதன் படிக்கட்டு உயரமும் இச்சட்டத்தோடு தொடர்புடையதே.