ஒருவரிக் கதை: முன்னரோ, பின்னரோ?

தலைமாந்தர், அவர்தம் நோக்கம், அதற்கு நேரும் தடை ஆகிய மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிக் கூறுவதைத் திரைக்கதை எழுதுவோர் ஒருவரிக் கதை என்பர். அதனை எழுதவேண்டிய காலம் யாது? திரைக்கதையைத் தொடங்கும் முன்னரா, முடித்த பின்னரா? திரைப்படக் கலைக்குப் பன்னூறு ஆண்டுகள் முற்பட்டது இவ்வினா.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில் தமது கவிதையியலில், புலவன் முதற்கண் கதையின் பொதுவடிவை வரைந்துகொண்டு, பின்னரே பெயர்களையும் கிளைநிகழ்ச்சிகளையும் சேர்த்தல் வேண்டும் என்றார். ஒடிசி என்னும் நெடுங்காப்பியத்தையே சில வாக்கியங்களிற் சுருக்கியும் காட்டினார்.

தமிழ் மரபோ மறுதலையானது. நூலாசிரியரின் ஆசிரியர், உடன்பயின்றோர், மாணாக்கர், உரையாசிரியர் ஆகியோர் சிறப்புப்பாயிரம் செய்தற்குரியர் என நன்னூல் வகுக்கின்றது. எனவே அது நூல் முடிந்தபின் எழுவது. சிலப்பதிகாரக் கதையையும் அது நிலைநாட்டும் மூன்று உண்மைகளையும் சுருங்கக் கூறும் பதிகமும் பிற்காலத்தது என்பர் ஆய்வாளர் பலர்.

இவ்விரு நெறிகளும் ஒன்றுசேரும் இடமாகப் புத்தளம் மாவட்டக் கடலோரத்து உடப்பைக் கூறலாம். மீன்பிடித் தொழிலை வாழ்வாகக் கொண்ட இத்தமிழ்ச் சிற்றூரில், திரௌபதி அம்மன் கோயிலின் ஆடித் திருவிழா பாரதப் போரின் நாள்களை நினைவூட்டும் வகையில் 18 நாள் நிகழ்ந்து தீமிதிப்பில் நிறைவுறும். பாரதமோ எண்ணற்ற மாந்தரும் கிளைக்கதைகளும் நிறைந்த பெருங்கடல். அதனின்று திரௌபதி வழிபாட்டு மரபு வடித்தெடுத்த கதை ஒரு வாக்கியத்துள் அடங்கும்: அவையில் இழிவுற்ற அரசி, பகை அழியும்வரை கூந்தல் முடியேன் எனச் சூளுரைத்து, போரின் முடிவில் அதனை நிறைவேற்றுகின்றாள். நெடுங்கதையிலிருந்து பின்னர்ப் பிறந்த இவ்வரி, விழாவுக்கு முன்னரே ஊரார் உள்ளத்தில் நிற்பதாயிற்று. எதனைக் கொள்வது, எதனை விடுப்பது என்பதற்கு அதுவே அளவுகோல்.

திரைக்கதையாசிரியர்க்கும் இதுவே பாடம். தொடக்கத்தில் எழுதும் வரி வழிகாட்டி. அது இன்றேல் நூறு பக்கம் எழுதியபின்னரே கதையில் தடையோ நோக்கமோ இல்லை என்பது புலனாகும். முடிவில் எழுதும் வரி தீர்ப்பு. எழுதுங்கால் தலைமாந்தரே மாறிவிடுதலும் உண்டு. அந்நிலையிற் பழைய வரியையே பற்றி நிற்பின், உயிர்பெற்ற கதையை உயிரற்ற வாக்கியத்துக்குப் பலியிடுவதாகும். ஆதலின் ஒருவரிக் கதையை இருமுறை எழுதுதல் வேண்டும். இரண்டும் முரணுமிடத்து, கதை தன் வழியைக் கண்டதா, வழி தவறியதா என ஆராய்ந்து துணிதலே ஆசிரியர் கடன்.