தாவர ஒட்டுண்ணி வட்டப்புழுக்கள்: இலங்கையில் இனங்காணல் வரலாறு

தாவர ஒட்டுண்ணி வட்டப்புழுக்கள் வேருக்குள்ளும் வேரைச் சுற்றிய மண்ணிலும் வாழ்ந்து, வாயிலுள்ள நுண்ணூசியால் கலங்களைத் துளைத்துச் சாறு உறிஞ்சுபவை. தமிழகத்தில் இவற்றை நூற்புழு என்பர். பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றர் நீளம்கூட இரா. இலங்கையில் இவற்றின் புதிய இனங்களைக் கண்டறிந்த வரலாறு மலையகத் தேயிலையில் தொடங்குகிறது.

அதற்கு முன்பே, 1901இல், சென்னை மாகாணத் தாவரவியலாளர் சி. ஏ. பார்பர் நீலகிரியின் தேவாலாப் பகுதித் தேயிலையில் வேர்முடிச்சுப் புழுவைப் பதிவு செய்திருந்தார். இலங்கையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. சி. எச். காட், சி. ஏ. லூஸ் ஆகிய இருவரும் அங்கே பணியாற்றினர். வேரைப் புண்ணாக்கிச் செடியை மெலிவிக்கும் புழுவொன்றை ஆராய்ந்த அவர்கள், அது எந்தெந்தச் செடிகளின் வேரில் புகும் என்பது குறித்த முடிவுகளை 1941இல் வெளியிட்டனர். அன்று அதற்கு வழங்கிய இனப்பெயர் பிரற்றென்சிஸ். நெதர்லாந்தின் மண்ணில் வாழும் வட்டப்புழுக்களை ஆராய்ந்த டி மான் 1880இல் வேறொரு புழுவுக்கு இட்ட பெயர் அது. பின்னர் இலங்கைப் புழுவை, ஜாவாவின் கோப்பி வேரில் சிமர்மான் 1898இல் விவரித்த கொஃபியே இனத்தோடு சேர்த்தார்கள்.

இரண்டுமே பொருந்தவில்லை. ஐரோப்பியப் புழுவின் உதட்டில் மூன்று வளையங்கள், தேயிலைப் புழுவுக்கு இரண்டே. கோப்பிப் புழுவுக்கும் இரண்டுதான் என்பதால், அதிலிருந்து இதைப் பிரிப்பது மேலும் கடினமாயிற்று. 1960இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பி. ஏ. ஏ. லோஃப் இவ்வினங்கள் அடங்கும் பிரற்றிலெங்கஸ் பேரினம் முழுவதையும் மீளாய்வு செய்தபோது தேயிலைப் புழுவைத் தனி இனமாகப் பிரித்து, லூஸைச் சிறப்பிக்கும் வகையில் பிரற்றிலெங்கஸ் லூசி என்று பெயரிட்டார். லூஸ் தாமே 1953இல், முதிர்ந்த தேயிலையின் வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் மெலொய்டொகைன் பிரெவிகோடா என்ற புதிய இனத்தை விவரித்திருந்தார்.

புதிய இனத்தை நிறுவும் வேலை பொறுமையைக் கேட்பது. கண்ணாடிப் புனலின் காம்பில் றப்பர் குழாய் மாட்டி, அதைக் கவ்வியால் அடைத்து, நீர் நிரப்பி, நறுக்கிய வேரை மெல்லிய துணியில் கட்டி அமிழ்த்துவர். இரவுக்குள் புழுக்கள் வேரைவிட்டு வெளியேறி அடியில் வந்து சேரும். வேர்முடிச்சுப் புழுவாயின், முடிச்சைக் கீறி, பேரிக்காய் வடிவில் பருத்த வெண்ணிறப் பெண்புழுவை எடுத்து, அதன் பின்நுனியைக் கூரிய அலகால் வெட்டிச் சுத்தம் செய்வர். நுணுக்குக்காட்டியில் அங்கே தெரியும் வரிகள் நம் விரல் ரேகைபோல் இனத்துக்கு இனம் வேறுபடும். இன்று டி.என்.ஏ. வரிசையும் கேட்கப்படுகிறது. ஆனாலும் வரைபடமும் அளவீடும் இல்லாமல் விவரணை நிறைவதில்லை.

சரியான பெயர் கிடைத்த பிறகே லூசியின் இயல்பைத் தனித்துப் பார்க்க முடிந்தது. அப்பெயர் வருமுன்பு ரி. விசரும் எம். கே. வைத்திலிங்கமும் துலுக்கச் செவ்வந்தி முதலிய செடிகளைத் தேயிலை மண்ணில் வளர்த்துப் புழுத்தொகையில் ஏற்படும் மாற்றத்தை 1959இலேயே ஆராய்ந்திருந்தனர். 1963இல் ஹச்சின்சனும் வைத்திலிங்கமும் இப்புழுவின் பரவலைத் தோட்டங்களின் உயரத்தோடு ஒப்பிட்டனர். இது குளிர்ந்த மேட்டுநிலப் புழு. பி. சிவபாலன் 1972இல் தேயிலைப் புழுக்கள் பற்றி எழுதிய அத்தியாயம் உலக நூலொன்றில் இடம்பெற்றது. அவருக்குப் பின் என். சி. ஞானப்பிரகாசம் இத்துறையைத் தொடர்ந்தார். இலங்கை வட்டப்புழு ஆய்வில் தமிழர் ஆற்றிய இப்பணி நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டியது.

தலவாக்கலை வழியே ஓடும் கொத்மலை ஓயா மகாவலியில் கலந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. அக்குடாவைச் சூழ்ந்த வெப்பமான தாழ்நிலம் லூசிக்கு ஏற்றதன்று. ஆனால் கண்டல், தில்லை, அடம்பன் கொடி, இராவணன் மீசை போன்ற காட்டுத் தாவரங்கள் அங்கே நிறைந்துள்ளன. இத்தகைய கரையோரச் செடிகளில் புதிய இனங்கள் கிடைக்கும் என்பதற்குப் பிற நாடுகளில் சான்று உண்டு. அமெரிக்க உப்புச் சதுப்பின் ஸ்பார்ட்டினாப் புல்லிலிருந்து 1965இல் ஒரு வேர்முடிச்சு இனமும், ஐரோப்பிய மணல்மேட்டுப் புல்லிலிருந்து 1987இல் மரிற்றிமா என்ற இனமும் விவரிக்கப்பட்டன. கொட்டியாரக் கரையின் வேர்களையும் அதே கவனத்தோடு ஆராய வேண்டும்.

பயிரை மட்டும் பார்ப்பது போதாது என்பதற்கு மெலொய்டொகைன் கிராமினிகோலா வலுவான எடுத்துக்காட்டு. கோல்டனும் பேர்ச்ஃபீல்டும் 1965இல் லூசியானாவில் இதை விவரித்தது குதிரைவாலி இனக் களைப்புல்லின் வேரிலிருந்து. பின்னர் ஆசிய நெல்லின் முக்கிய வேர்முடிச்சுப் புழுவாக அறியப்பட்ட இது, இலங்கையிலும் பதிவாகியுள்ளது. நெல் இல்லாத காலத்திலும் வரம்புப் புற்களின் வேரில் இது பெருகும். ஆகவே கந்தளாய், தம்பலகாமம் போன்ற நெல்வெளிகளில் சோதனைக்கு வேர் எடுப்போர் நெற்பயிரோடு வரம்புப் புல்லையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். தாக்குண்ட நெல்வேரின் நுனி கொக்கிபோல் வளைந்து வீங்கியிருக்கும். அதை வெறுங்கண்ணாலேயே காணலாம்.