கரியில்லாக் களவும் கள்ளூர் அவையும்: சங்க அகப்பாடல்களில் காதலின் ஐயமும் நம்பிக்கையும்

ஆய்வுச் சுருக்கம்

களவுக் காதலில் தலைவிக்கு நேரும் நம்பிக்கையின்மை, மனநிலைச் சிக்கல் என்பதைவிடச் சான்று இன்மையால் விளைந்த சமூகச் சிக்கல் என்பதைச் சங்க அகப்பாடல்கள் சிலவற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அகநானூறு 256ஆம் பாடல் சுட்டும் கள்ளூர் நிகழ்ச்சி இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: களவு, சூள், கரி, அவை, கரணம், அலர்

முன்னுரை

சங்கக் காதல் எனும்போது பலரும் முதலில் நினைப்பது செம்புலப்பெயனீரார் பாடலையே (குறுந். 40). முன்பின் அறியாத இருவரின் நெஞ்சங்கள் ஒன்றாகக் கலந்தமையைப் போற்றும் பாடலாக அது மேடைதோறும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதன் கூற்று விளக்கம் அத்துணை கவனம் பெறுவதில்லை. இயற்கைப் புணர்ச்சிக்குப் பின், தலைவன் பிரிந்துவிடுவானோ எனத் தலைவி அஞ்சுகிறாள். அவளது குறிப்பு மாறியதைக் கண்டு தலைவன் தேற்றுகிறான் என்பதே அவ்விளக்கம். கூற்று விளக்கங்கள் பாடல்களுக்குப் பிற்பட்டவை. எனவே அவற்றை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் பொருந்தாது. எனினும் தொகை நூல்களைப் பயின்ற பழைய தமிழ்ப் புலமை மரபு, இப்பாடலைக் காதலின் வெற்றிக் குரலாகக் கொள்ளாமல் ஓர் அச்சத்திற்குத் தரப்பட்ட மறுமொழியாகவே கேட்டது என்பது தெளிவு. அவ்வச்சம் எதைப் பற்றியது என்பதே ஈண்டு வினா.

நாரையும் கடம்பமரத் தெய்வமும்

கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாடலில் தலைவியின் அச்சம் தெளிவான வடிவம் பெறுகிறது. தலைவன் தன்னை மணந்த நாளில் அங்கு வேறு எவரும் இல்லை என்கிறாள். இருந்தவன் அவன் ஒருவனே, அவனோ கள்வன். அவன் பொய்த்தால் தான் செய்யக்கூடியது யாது என வினவுகிறாள். ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்நோக்கி நின்ற, தினைத்தாள் போன்ற கால்களையுடைய குருகு ஒன்று மட்டும் அப்போது அங்கு இருந்தது. அக்குருகு சான்று சொல்லாது. அதன் நோக்கமெல்லாம் மீன் மீதே இருந்தது. தலைவன் தன்பால் அன்பு உடையனா என்ற வினா இப்பாடலில் எழவில்லை. அவன் மறுத்தால் தன் சொல்லை மெய்ப்பிப்பவர் யார் என்பதே அவளது கவலை. 'கள்வன்' என்ற சொல்லாட்சியும் வழக்கு மன்றத்தின் சாயலைத் தருவது.

சான்று இல்லாத இவ்விடத்தைச் சூள் நிரப்புகிறது. கோப்பெருஞ்சோழன் பாடிய குறுந்தொகை 53இல், துறையில் தலைவியின் முன்கையைப் பற்றிச் சூரரமகளிரைச் சான்றாக்கித் தலைவன் உரைத்த சூளே இப்போது தங்களை வருத்துகிறது எனத் தோழி கூறுகிறாள். நம்பிக்கை தரவேண்டிய சொல்லே வருத்தும் பொருளாக மாறிவிட்டது. கபிலரின் மற்றொரு பாடலில் (குறுந். 87) நிலைமை இன்னும் சிக்கலானது. மன்றத்துக் கடம்பமரத்தில் உறையும் தெய்வம் கொடியோரை ஒறுக்கும் என்பர். சூள் பொய்த்தாரையே இது குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. தலைவியோ, தலைவன் சிறிதும் கொடியன் அல்லன் என்றும், தன் நெற்றி பசந்ததும் தோள் மெலிந்ததும் தன் நெஞ்சத்தால் நேர்ந்தவை என்றும் சொல்கிறாள். தெய்வச் சான்று பலித்தால் அவள் இழப்பது அவனையே. ஆதலால் குற்றம் சாட்டவேண்டியவளே அவனுக்காக வழக்குரைக்க நேர்கிறது.

கலித்தொகை 41இல் இதே முரண் இருவர் குரலாகப் பிரிகிறது. யானைக் கோட்டை உலக்கையாகக் கொண்டு மூங்கில் நெல்லைக் குற்றியவாறு மகளிர் இருவர் பாடுகின்றனர். தோழி, சூள் பொய்த்தவனது மலையில் அருவி இன்னும் ஒளிர்கிறதே என வியப்பதுபோல் பழிக்கிறாள். பொய்ச்சூள் மழைவளத்தைக் கெடுக்கும் என்ற நம்பிக்கை இதன் அடியில் உள்ளது. தலைவி, அவன் வாய்மையில் பொய் தோன்றுதல் திங்களில் தீத் தோன்றுவதற்கு ஒப்பாகும் என மறுக்கிறாள். ஐயத்தைத் தோழியும் நம்பிக்கையைத் தலைவியும் பகிர்ந்துகொள்வது களவுப் பாடல்களில் அடிக்கடி காணும் அமைப்பே. ஐயத்தைத் தானே உரைத்தால் தலைவி இழப்பது மிகுதி.

கள்ளூர் நிகழ்ச்சி

அகப்பாடலில் தலைமக்கள் பெயர் சுட்டப்பெறுவதில்லை. ஆயின் உவமைக்கு இவ்விலக்கணத் தடை இல்லை. ஊர், மன்னர், போர் ஆகியவை பெயருடன் உவமைக்குள் வருகின்றன. ஆகவே வரலாற்றுச் செய்தியை அகப்பாடலில் தேடுவோர், பாடலின் காதல் நிகழ்ச்சியைவிட அதன் உவமைகளில் தேடுதல் பயனுடையது. கேட்போர் முன்பே அறிந்திராத செய்தி உவமையாகப் பயன்படாது.

மதுரைத் தமிழ்க்கூத்தன் கடுவன் மள்ளனார் பாடிய அகநானூறு 256, கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த கள்ளூரில் நடந்த ஒன்றை இவ்வாறு உவமையாக்குகிறது. இளம்பெண் ஒருத்தியின் நலத்தைக் கவர்ந்த ஒருவன், அவளை அறியேன் எனப் பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் சான்றினரை வினவி உண்மை அறிந்தனர். அவனை மரக்கிளையில் இறுகப் பிணித்துத் தலையில் நீறு பெய்தனர். நீறு என்பதைச் சாம்பல் எனவும் சுண்ணாம்பு எனவும் கொள்ள இடமுண்டு. அன்று அவையில் ஆரவாரம் எழுந்தது. பாடல் ஊரின் பெயரைத் தருகிறது. அவன் பெயரையும் அவள் பெயரையும் தரவில்லை.

இச்சிறு செய்தியில் கவனிக்கத்தக்கவை பல. அவை, சூளைச் சான்றாக ஏற்றுக்கொண்டு அமையவில்லை. சூளுக்கு மேலாக 'அறிகரி'யை, அதாவது நேரில் அறிந்தாரின் சான்றை, நாடியது. கபிலர் பாடலின் தலைவிக்குக் கிட்டாத ஒன்று கள்ளூர்ப் பெண்ணுக்குக் கிட்டியது. நாரையின் இடத்தில் மனிதர் சிலர் இருந்தனர் என்பதே வேறுபாடு. தண்டமும் உடலை வருத்துவதைவிட ஊர் அறிய நாணச் செய்வதையே நோக்கியது. மறைவில் செய்ததற்கு வெளிப்படையே தண்டமாயிற்று.

கரணமும் சான்றும்

பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்னும் தொல்காப்பியக் கற்பியல் நூற்பா, பெரும்பாலும் வைதிகச் சடங்கின் வருகை குறித்த விவாதத்திலேயே எடுத்தாளப்படுகிறது. அதில் வரும் 'ஐயர்' யாவர் என்ற வினா, பொய் யாது என்ற வினாவை மறைத்துவிட்டது எனலாம். இளம்பூரணர் இதனைத் தெளிவாக்கியுள்ளார். செய்ததை மறைத்தல் பொய். செய்ததன்கண் இறுதிவரை நில்லாது தவறுதல் வழு. கள்ளூரான் செய்தது முதலாவது. சங்கத் தலைவியர் அஞ்சியது இரண்டையும்.

அகநானூறு 86, 136 ஆகிய பாடல்கள் காட்டும் திருமணங்களில் தீவலம் இல்லை. சிலப்பதிகாரத்தில் அது உண்டு. நல்லாவூர் கிழாரின் 86ஆம் பாடலில் பந்தலும் புதுமணலும் விளக்கும் உள்ளன. உழுந்துக் களி உண்ணப்படுகிறது. முதுபெண்டிர் குடமும் மண்டையும் ஏந்தி வருகின்றனர். புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் நீர் சொரிந்து வாழ்த்துகின்றனர். சுற்றத்தார் ஆரவாரத்துடன் கூடுகின்றனர். இச்சடங்கில் எது தொன்மையானது, எது பின்னர்ச் சேர்ந்தது என்பதைவிட, ஊர் முழுதும் பார்த்தது என்பதே பெண்ணுக்கு முதன்மையானது. களவில் இல்லாத கரி, கற்பில் பெருந்திரளாக வந்து நிற்கிறது. அறியேன் என இனி அவனால் சொல்ல இயலாது.

ஆயின் இக்கரி, மணந்தான் என்பதற்கு மட்டுமே சான்று, வழுவாமைக்கு அன்று. கள்ளூர் உவமை இடம்பெற்ற பாடல் மருதத்திணையைச் சார்ந்தது என்பது இவ்விடத்தில் பொருள் உடையதாகிறது. வையையின் புதுப்புனலில் நேற்று வேறொருத்தியுடன் ஆடிவிட்டு இன்று அதனை மறைக்கும் தலைவனிடம், அவன் மாயத்தை அறிந்ததாகத் தோழி கூறுகிறாள். பரத்தையின் ஆயத்தார் மறைத்தும் மறையாமல் ஊரில் எழுந்த அலர், கள்ளூர் அவையின் ஆரவாரத்தினும் பெரிது என்கிறாள். ஓரம்போகியாரின் குறுந்தொகை 384ஆம் பாடலும் மகளிர் நலன் உண்டு துறக்கும் மருதத் தலைவனின் சூளை மிக நன்று என எள்ளுகிறது.

கைவிடப்பட்ட கன்னிக்காக அவை கூடியதை 256ஆம் பாடல் அறியும். மனைவியின் பொருட்டு அவ்வாறு ஓர் அவை கூடியதாக அப்பாடல் கூறவில்லை. குற்றம் ஊரறிந்தது, சான்றினர் பலர், மறுப்பும் பொய் என வெளிப்பட்டுவிட்டது. ஆயினும் தலைவனை வினவ அவையத்தார் எவரும் வரவில்லை. வாயிலில் நின்று உள்ளே விட மறுக்கும் தோழி மட்டுமே இருக்கிறாள்.