சத்தியவேட்டுக்கு வந்த செல்போன்

சத்தியவேடு ஒரு காலத்தில் செங்கல்பட்டு ஜில்லா என்றால் இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் நம்புவதில்லை. ம.பொ.சி. போராட்டத்துக்கெல்லாம் பிறகு, 1960-ல் திருத்தணி நம் பக்கம் வந்தது. பதிலுக்குச் சத்தியவேடு ஆந்திராவின் சித்தூரோடு சேர்ந்தது. பங்காளிகள் பாகம் பிரித்த மாதிரிதான். (2022-லிருந்து அது திருப்பதி மாவட்டம்!)

அங்கேதான் 2008-ல் ஸ்ரீசிட்டி எழும்பியது. சென்னை 55 கிலோமீட்டர். துறைமுகமும் விமான நிலையமும் தமிழ்நாட்டில், நிலமும் சலுகையும் ஆந்திராவில். ஆரம்பித்தது ராஜசேகர ரெட்டி காலம், பெயர் வாங்கியது சந்திரபாபு :-)

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, வரித் தகராறு முற்றிப்போய், 2014 நவம்பர் 1-ல் மூடியது. அதை நம்பியிருந்த தைவான் கம்பெனி ஃபாக்ஸ்கானும் டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை போனது. அதே ஃபாக்ஸ்கான் மறு வருஷமே ஸ்ரீசிட்டியில் சீனாவின் ஷியோமிக்கு போன் பூட்ட ஆரம்பித்தது. 2015 ஆகஸ்டில் ரெட்மி 2 பிரைம், விலை 6,999 ரூபாய். வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்தது பெரும்பாலும் சுற்றுக் கிராமத்துப் பெண்கள்.

சலுகை கொடுத்தால் முதலீடு வரும் என்பது பாதிதான் சரி. வரி விதி நாளைக்கும் இதேதான் என்ற நம்பிக்கை வேண்டும். நோக்கியா விஷயத்தில் அதுதான் உடைந்தது. அப்படியே வந்தாலும் சிப்பும் திரையும் வெளிநாட்டுச் சரக்கு, நமக்குப் பூட்டுகிற கூலிதான். திரையையாவது இங்கே செய்யலாம் என்று சீனாவின் டிசிஎல் தொழிற்சாலைக்குத் திருப்பதி அருகே அடிக்கல் விழுந்தது 2018 டிசம்பரில்.