மியூனிக் மாநகராட்சியில் லினக்ஸ்: வந்த கதையும் போன கதையும்

முன்னுரை

லினக்ஸ் என்றதும் பலருக்கும் இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, அது இலவசம். இன்னொன்று, அது கணினி வல்லுநர்களுக்குத்தான் சரிப்பட்டு வரும் என்ற பயம். இரண்டுமே பாதி உண்மைதான் என்று காட்டும் வரலாறு ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது.

பவேரியா மாநிலத்தின் தலைநகரான மியூனிக், 2003-ல் தன் அலுவலகக் கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்ற முடிவு செய்தது. பத்து ஆண்டுகள் பாடுபட்டு மாற்றியும் காட்டியது. பிறகு 2017-ல் 'பழைய குருடி கதவைத் திறடி' என்று விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது! ஏன் போனார்கள்? ஏன் திரும்பினார்கள்? ஓர் அலுவலகத்திலோ பள்ளியிலோ கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவர நினைக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

கட்டற்ற மென்பொருள் என்பது என்ன?

கட்டற்ற மென்பொருள் என்றால் வெறுமனே காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள் என்று பொருள் அல்ல. அதை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மூலநிரலைப் படித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம், பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், மாற்றி எழுதியதையும் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகளும் இருந்தால்தான் அது கட்டற்றது. அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்தார். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து ஒரு முழு இயங்குதளம் உருவானது. எந்த ஒரு நிறுவனமும் இதற்குத் தனி முதலாளி அல்ல. மியூனிக் கதையில் முக்கியமான விஷயமே அதுதான்.

ஆயுள் முடிந்த விண்டோஸ்

2000-களின் தொடக்கத்தில் மியூனிக் மாநகராட்சியில் ஏறத்தாழ 14,000 கணினிகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலும் 1996-ல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. 4.0 ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கான ஆதரவை நிறுத்தப்போவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. ஆதரவு நின்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அதாவது கணினி நன்றாக ஓடினாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். எப்போது மாற்றுவது என்பதை வாங்கியவர் முடிவு செய்ய முடியாது, விற்றவர்தான் முடிவு செய்வார்!

அடுத்த விண்டோஸை வாங்குவதா, வேறு வழி பார்ப்பதா என்று நகர மன்றம் யோசித்தது. ஒரு ஆலோசனை நிறுவனத்திடம் ஆய்வு செய்யச் சொன்னது. அதன் முடிவு சுவாரசியமானது. வெறும் செலவுக் கணக்கில் விண்டோஸ்தான் சற்று மலிவு! ஆனால் நீண்டகால நோக்கில், ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க வேண்டாம் என்ற கணக்கில் லினக்ஸ் முந்தியது. ஆகவே மியூனிக் லினக்ஸுக்குப் போனது காசை மிச்சம் பிடிக்க மட்டும் அல்ல. அடுத்த முறை முடிவு தன் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக.

பால்மரின் வருகை

இந்தச் செய்தி மைக்ரோசாப்டை எட்டியது. 14,000 கணினிகள் அதற்குப் பெரிய எண்ணிக்கை அல்ல. ஆனால் ஐரோப்பாவின் பணக்கார நகரம் ஒன்று போனால் மற்ற நகரங்களும் பின்னாலேயே போகுமே! 2003 மார்ச்சில் அந்நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர், பனிச்சறுக்கு விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு நேரில் வந்து மேயர் கிறிஸ்டியான் ஊடெயைச் சந்தித்தார். கேட்ட விலையில் பெரிய தள்ளுபடியும் தருவதாகச் சொன்னது மைக்ரோசாப்ட். மேயர் அசரவில்லை. 2003 மே 28 அன்று நகர மன்றம் லினக்ஸ் பக்கம் வாக்களித்தது. திட்டத்துக்கு 'லிமக்ஸ்' என்று பெயர். லினக்ஸ், மியூனிக் (ஜெர்மனில் மியூன்ஷென்) என்ற இரு பெயர்களையும் சேர்த்த பெயர் அது.

தடைகள்

முதல் தடை சட்டத்திலிருந்து வந்தது. அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் மென்பொருள் காப்புரிமை பற்றிய சட்ட வரைவு விவாதத்தில் இருந்தது. அது நிறைவேறினால் லினக்ஸைப் பயன்படுத்துபவர்கள் மீது வழக்கு வருமோ என்ற கேள்வி எழுந்ததால், 2004 கோடையில் வேலை சில வாரங்கள் நின்றது. பிறகு மீண்டும் தொடங்கியது. அந்த வரைவை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2005 ஜூலையில் தள்ளுபடி செய்துவிட்டது.

இரண்டாவது தடைதான் பெரியது. அது வெளியிலிருந்து வரவில்லை, மாநகராட்சிக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு துறையும் தனித்தனியாகக் கணினிப் பிரிவு வைத்திருந்தது. இப்படி இருபதுக்கும் மேற்பட்ட பிரிவுகள்! ஒரு துறையில் ஓடும் மென்பொருள் இன்னொரு துறையில் இருக்காது. கடிதங்களுக்கும் படிவங்களுக்கும் ஆயிரக்கணக்கான மாதிரிகள். பலவற்றுக்குள் யாரோ எப்போதோ எழுதிவைத்த மேக்ரோக்கள். எழுதியவர் வேறு இடம் போயிருப்பார். அது எப்படி இயங்குகிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே லினக்ஸை நிறுவுவது வேலையில் ஒரு சிறு பகுதிதான். அதற்கு முன் அலுவலகத்தில் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுத்துச் சீர்படுத்த வேண்டியிருந்தது. அவசரப்படாமல் படிப்படியாகச் செய்தார்கள். முதலில் விண்டோஸிலேயே ஓப்பன் ஆபீஸ், பயர்பாக்ஸ், தண்டர்பேர்டு ஆகியவற்றைப் பழக்கினார்கள். கைப்பழக்கம் வந்த பிறகு அடியில் உள்ள இயங்குதளத்தை மாற்றினார்கள். முதலில் டெபியன், பின்னர் உபுண்டு அடிப்படையாக அமைந்தது. 2006 செப்டம்பரில் முதல் கணினிகள் மாறின.

கடித மாதிரிகளைச் சமாளிக்க மாநகராட்சி ஊழியர்களே 'வோல்மக்ஸ்' என்ற மென்பொருளை எழுதினார்கள். ஊழியரின் பெயர், துறை, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கடிதத்தில் தானாகவே நிரப்பும் கருவி அது. 2008-ல் அதையும் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்டவர்கள் திருப்பியும் கொடுத்தார்கள்!

வெற்றி

காலக்கெடு பலமுறை தள்ளிப்போனாலும் வேலை முடிந்தது. 2013 இறுதியில் திட்டம் நிறைவடைந்ததாக அறிவித்தபோது சுமார் 15,500 கணினிகளில் 14,800-க்கு மேல் லிமக்ஸ் ஓடியது. முதலில் வைத்த இலக்கு 80 சதவீதம்தான். அலுவலகக் கோப்புகளுக்கு ஓ.டி.எஃப். என்ற திறந்த வடிவமே வழக்கமானது. 1 கோடி யூரோவுக்கு மேல் மிச்சமானதாக நகர நிர்வாகம் 2012-ல் கணக்குக் காட்டியது. மைக்ரோசாப்டுக்காக எச்.பி. நிறுவனம் செய்த ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொன்னது. நகர நிர்வாகம் அதை ஏற்கவில்லை.

விண்டோஸ் எக்ஸ்.பி.யின் ஆதரவு 2014 ஏப்ரலில் முடிய இருந்தது. பழைய கணினி வைத்திருக்கும் பொதுமக்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம் என்று, லுபுண்டு என்ற எளிய லினக்ஸின் குறுந்தகடுகளை நகர நூலகங்கள் வழியாகக் கொடுத்தது மாநகராட்சி. ஓர் அரசு அலுவலகம் தானும் பயன்படுத்தி, குடிமக்களுக்கும் பரப்பியது அபூர்வம்தான்.

திரும்பிய காற்று

2014-ல் ஊடெ பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அவருடைய கட்சியையே சேர்ந்த டீட்டர் ரைட்டர் மேயரானார். அவருக்கு லினக்ஸ் மீது ஈடுபாடு இல்லை, அதை வெளிப்படையாகவே சொன்னார். ஊழியர்களின் புகார்களும் மேலே வந்தன. வெளியிலிருந்து வரும் வேர்டு கோப்புகள் கோணல்மாணலாகத் திறந்தன. கைபேசியில் அஞ்சல் வருவதற்கு வாரக்கணக்கில் ஆனது. சில சிறப்பு மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடியதால், சில ஆயிரம் கணினிகளில் விண்டோஸும் தொடர்ந்தது. இரண்டையும் பராமரிக்க வேண்டிய சுமை வேறு.

இந்தப் புகார்களில் எத்தனை லினக்ஸால் வந்தவை? 2016-ல் ஆலோசனை நிறுவனமான அக்சென்ச்சர் கொடுத்த அறிக்கை, கணினிப் பிரிவுகளின் சிதறிய நிர்வாக அமைப்பையும் பெரிய கோளாறாகச் சுட்டியது. கைபேசி அஞ்சல் தாமதத்துக்கும் மேசைக் கணினியின் இயங்குதளத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. லிமக்ஸில் பெரிய தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை என்று நகரின் கணினித் துறைத் தலைவரே சொன்னார். ஆனால் அலுவலகத்தில் எது பழுதானாலும் "எல்லாம் இந்த லினக்ஸால்தான்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

மைக்ரோசாப்டின் ஜெர்மன் தலைமையகம் பக்கத்து ஊரிலிருந்து 2016-ல் மியூனிக் நகருக்குள் இடம் மாறியது. பலர் இதையும் அதையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். எவரும் நிரூபிக்கவில்லை.

2017 நவம்பரில் நகர மன்றம் விண்டோஸ் 10-க்கு மாற வாக்களித்தது. 2020 இறுதிக்குள் முடிப்பது திட்டம். கணினிகளை மாற்ற மட்டும் மதிப்பிட்ட செலவு ஏறத்தாழ 5 கோடி யூரோ!

பிறகு நடந்தவை

2020 மே மாதம் பசுமைக் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் கூட்டணி ஒப்பந்தம் செய்தன. மேயர் அதே ரைட்டர்தான். ஆனால் பொதுப் பணத்தில் எழுதப்படும் மென்பொருள் முடிந்தவரை பொதுவுக்கே திறந்திருக்க வேண்டும் என்ற கொள்கை அந்த ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. ஜெர்மனியின் வடகோடியில் உள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ, அரசின் சுமார் 30,000 கணினிகளில் மைக்ரோசாப்ட் ஆபீஸை விட்டு லிப்ரே ஆபீஸுக்கு மாறுவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது.

பிரான்சின் ஜாந்தார்மெரி காவல் படை ஒரு நல்ல ஒப்பீடு. அதுவும் 2005-ல் ஓப்பன் ஆபீஸில் தொடங்கி, 2008 முதல் உபுண்டுவுக்கு மாறியது. இருபது ஆண்டுகளாகியும் திரும்பவில்லை. அங்கே கட்டளை ஒரே இடத்திலிருந்து வருகிறது, தேர்தலுக்குத் தேர்தல் தலைமை மாறுவதும் இல்லை.

முடிவுரை

மியூனிக்கில் லினக்ஸ் தோற்றது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஒரு மாநகராட்சியின் அன்றாட வேலை ஆண்டுக்கணக்கில் லினக்ஸில் நடந்தது. அதனால் முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. தோற்றது வேறு. சிதறிக் கிடந்த நிர்வாகத்தை முழுதாகச் சீர்செய்யவில்லை. எதற்காக மாறினோம் என்பதைப் புதிதாக வந்தவர்களுக்குப் புரிய வைக்கவில்லை. கட்டற்ற மென்பொருளைப் பரப்புவது குறுந்தகட்டைக் கையில் கொடுப்பதோடு முடிவதில்லை. மறுநாள் கோப்பு திறக்காதபோது பக்கத்தில் நின்று உதவ ஆள் வேண்டும். பத்து ஆண்டு கழித்து "இது எதற்கு?" என்று கேட்பவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லவும் ஆள் வேண்டும்.